தோள் யாருடைய அளவு?

நடுவர் அவர்களே, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கமிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"அலுவலகம் போகும் ஆணுக்கு மிடுக்குத் தருவது பிராண்ட் ரெடிமேடா, தையல்காரர் அளவெடுத்துத் தைக்கும் உடையா?" இதுதான் தலைப்பு. நான் தையல்காரர் பக்கம்.

எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார், ரெடிமேட் என்றால் கண்ணாடி முன் போட்டுப் பார்த்து அப்போதே வாங்கி வரலாம் என்று. சரி, போட்டுப் பார்த்தீர்கள். எதைப் பார்த்தீர்கள்? நிறத்தைப் பார்த்தீர்கள், மார்பில் இருக்கும் சின்னத்தைப் பார்த்தீர்கள். தோளைப் பார்த்தீர்களா?

ஃபார்மல் சட்டைக் காலரில் 39, 40, 42 என்று போட்டிருக்கிறதே, அது பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். கழுத்து 40 என்றால் தோள் இவ்வளவு, கை இவ்வளவு, வயிறு இவ்வளவு என்று கம்பெனி ஒரு சராசரி ஆளை மனதில் வைத்துத் தைக்கிறது. நம் பிள்ளைகள் அந்தச் சராசரி ஆளா? லீவு நாளெல்லாம் அப்பாவோடு கரைவலை இழுத்து வளர்ந்தவன். தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம். வங்கி வேலைக்கு முதல் நாள் 40 போட்டுப் போனால் தோள் பிடிக்கும், ஃபைலை எடுக்கக் கையைத் தூக்க முடியாது. 42 எடுத்தால் தோள் சரியாகும். ஆனால் இரண்டு விரல் போக வேண்டிய காலருக்குள் நாலு விரல் போகும், இடுப்பில் துணி பை மாதிரி தொங்கும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அது இன்னொருவன் சட்டை போலத்தான் தெரியும்.

நம் ஊர் தையல்காரர் என்ன செய்கிறார்? தோள் எலும்பு முடிகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்து, அங்கேதான் டேப்பை நிறுத்துகிறார். கையை மணிக்கட்டு எலும்பு வரை அளக்கிறார். பேன்ட்டின் பின் தையலில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டுத் தைக்கிறார். நாளைக்கு இடுப்பு ஏறினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அதற்கெல்லாம் முன்னால், "துணியை நனைத்துக் காயப்போட்டுக் கொண்டு வாங்க தம்பி" என்பார். பருத்தி சுருங்குகிற சுருக்கம் தைப்பதற்கு முன்பே போய்விடட்டும் என்கிற அக்கறை அது.

அப்புறம், அயர்ன் பண்ணவே வேண்டாத சட்டை என்று பெருமையாகச் சொன்னார்கள். அதில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கும். நம் கரையில் காற்றே ஈரம், வியர்வை லேசில் காயாது. சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரம் தாங்கும். பாலியெஸ்டர் தாங்குவது 0.4 சதவீதம். ராமேஸ்வரத்தில் பஸ் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரத்தில் ஆபீஸ் வாசலில் இறங்கும்போது எது முதுகில் ஒட்டியிருக்கும் என்று தினமும் போய் வருகிறவர்களைக் கேளுங்கள். ரெடிமேடிலும் பருத்தி உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. அந்தத் தோளுக்கு என்ன பதில்?

பிராண்ட் இருந்தால்தான் அலுவலகத்தில் மதிப்பு என்றார் இன்னொரு நண்பர். 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றி ஆணை போட்டது. ஆண்களுக்கு அதில் சொன்னது சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. கோட்டையிலேயே கேட்காத பிராண்டை மண்டபத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

தையல்காரர் சொன்ன தேதிக்குத் தரமாட்டார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் கொண்டுபோய்க் கொடுத்தால் தாமதம் ஆகத்தான் செய்யும். இன்டர்வியூ கடிதம் வந்த அன்றைக்கே துணியைக் கொடுங்கள். டிரையல் போட்டுப் பார்த்து, தோள் இறங்கியிருந்தால் சொல்லுங்கள், பிரித்துச் சரிசெய்து தருவார். கடையில் வாங்கிய சட்டைக்குத் தோள் இறங்கினால் எங்கே போவீர்கள்? அதையும் தூக்கிக்கொண்டு எங்கள் தையல்காரரிடம்தானே வருகிறீர்கள்!

நன்றி, வணக்கம்.