'கஸ்டமர் ரிக்வெஸ்ட்'னு எழுதிட்டாங்க! என் கார் ஏசி கதை

வணக்கம் மக்களே. வேளச்சேரி மேம்பாலத்துக்குப் பக்கத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கேன். மூஞ்சி பளபளன்னு இருக்கறது மேக்கப் இல்ல, வேர்வை. ஏசி போட்டா மைக்ல ப்ளோயர் சத்தம் ஏறுது, அதான் ஆஃப். இன்னைக்குக் கதையே அந்த ஏசிதான்.

என் வண்டிக்கு வாரண்டி 3 வருஷம், இல்லன்னா 1 லட்சம் கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும். மார்ச்ல முடிஞ்சுது. ஏசி செத்தது மே மாசம், கரெக்டா அக்னி நட்சத்திரத்துல. கூலிங் காயில் லீக். அது டேஷ்போர்டுக்குள்ள இருக்கு, டேஷ்போர்டையே கழட்டணும். எஸ்டிமேட் 24,000. "வாரண்டி முடிஞ்சிருச்சே மேடம்"னு டீலரோட சர்வீஸ் சென்டர் அட்வைசர் ரொம்ப மரியாதையா சொன்னார்.

முடிஞ்சது நிஜம்தான். ஆனா பிரச்சனை ஆரம்பிச்சது எப்போ? அதுக்கு முந்தின அக்டோபர்ல. அப்பவே "கூலிங் பத்தல, என்னன்னு பாருங்க"ன்னு சொல்லித்தான் வண்டிய விட்டேன். கேஸ் கம்மின்னு ஏத்திட்டு, கேஸ் வாரண்டில வராதுன்னு 2,200 வாங்கிக்கிட்டாங்க. குடுத்துட்டு வந்துட்டேன். அங்கதான் கோட்டை விட்டேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்லைங்க, மூடின லைன்ல சுத்திக்கிட்டே இருக்கும். மூணு வருஷம்கூட ஆகாத வண்டில அவ்ளோ கொறையுதுன்னா எங்கயோ ஓட்டை. உள்ள டை, அதாவது லீக் ஆனா ஒளிர்ற சாயம், ஏத்தி யூவி லைட் அடிச்சா, இல்ல நைட்ரஜன் ஏத்தி ப்ரெஷர் நிக்குதான்னு பாத்தா மாட்டிக்கும். அத யாரும் பண்ணல. நானும் கேக்கல.

இப்போ அந்த பழைய ஜாப் கார்டை, அதான் வண்டிய விடும்போது நம்ம புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கற தாளை, தேடி எடுத்தா, அதுல இருந்தது இவ்ளோதான்: "ஏசி கேஸ் ரீஃபில். கஸ்டமர் ரிக்வெஸ்ட்." நான் என்னமோ ஆசைப்பட்டு ஏத்திக்கிட்ட மாதிரி! வண்டில பழுதுன்னே அந்தத் தாள்ல இல்ல. கவுன்ட்டர்ல நாம எவ்ளோ கத்துனாலும் கம்பெனிக்குப் போறது அந்த ஒரு வரிதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க. "கூலிங் இல்லை, காரணம் பார்க்கவும்"னு இருக்கணும். தேதியும் கிலோமீட்டரும் இருக்கணும். இல்லன்னா பேனாவ கீழ வெச்சுடுங்க.

என்னைக் காப்பாத்தினது ஒரு வாட்ஸ்அப். ஜனவரில மறுபடி கூலிங் போனப்போ, வென்ட்கிட்ட கைய வெச்சு வீடியோ எடுத்து அட்வைசருக்கு அனுப்பியிருந்தேன். "மார்கழில ஏசி எதுக்கு மேடம், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு பதில், கூட ஒரு ஸ்மைலி. வாரண்டி உயிரோட இருந்த தேதி! அதையும் அக்டோபர் பில்லையும் சேத்து நேரா கார் கம்பெனிக்கு மெயில் போட்டேன். டீலர் வேற, கம்பெனி வேற. வாரண்டி குடுக்கறது கம்பெனி. பதில் வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்னு கடைசில ஒரு வரி. அங்க 2 வருஷத்துக்குள்ள போகணும், நான் ரெடியாத்தான் இருந்தேன்.

ஒன்பது நாள் கழிச்சு போன். காயில் ஃப்ரீ, லேபர்ல பாதி நான் குடுக்கணும். "குட்வில்"லாம்! என் வாரண்டிய எனக்கே தர்மம் பண்றாங்க. இன்னும் மல்லுக்கட்டியிருக்கலாம். வெயில் ஜெயிச்சுடுச்சு, ஒத்துக்கிட்டேன்.

ஒண்ணு சொல்லிடறேன், எலி வயர கடிச்சதுக்கும் மழைத்தண்ணி இன்ஜினுக்குள்ள போனதுக்கும் இந்த வித்தை செல்லாது. அது இன்சூரன்ஸ் பஞ்சாயத்து, அதுலயும் தண்ணிக்கு இன்ஜின் ப்ரொடெக்ட் தனியா எடுத்திருக்கணும். 2024 அக்டோபர்ல மழை வருதுன்னதும் இதே மேம்பாலத்துல வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்களே, நாமளும் சிரிச்சோமே, அவங்கதான் கெட்டிக்காரங்க.

அய்யோ, கண்ணுக்குள்ள வேர்வை எறங்குது. கேமராவ ஆஃப் பண்றேன், ஏசிய போடணும்.