மற்றும் குழுவினர்

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூரின் கலைப் பெருமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெருமைப்பட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் நான் ஒரு அழைப்பிதழைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கலைவிழா. அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான்தான். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று வரிசையாகப் பெயர்கள். ஒருவருக்கு இனிஷியல் விட்டுப்போனதற்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தது, அதையும் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் கரகாட்டம், எதிரே ஒரு பெயர், அப்புறம் "மற்றும் குழுவினர்". நாதஸ்வரத்துக்கும் அப்படியே. அது என் கண்ணில் பிழையாகவே படவில்லை. விழா அன்று மேடைக்குப் பின்னால் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்த தவில்காரர் ஒருவர் அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாள் நல்லா கனமா இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நம் பெரிய கோயில் கல்வெட்டிலும் ஒரு "மற்றும்" இருக்கிறது. நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறான் ராஜராஜன். அந்த மற்றவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக வெட்டியும் வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் பெயர் மட்டுமில்லை, கோயிலில் வேலை பார்த்தவர்கள் பெயரும் இருக்கிறது. திருச்சுற்றின் வடக்குச் சுவரில் வெளிப்பக்கமாகப் போய்ப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் யாரும் போவதில்லை. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேர். எந்தத் தெரு, அதில் எந்தப் பக்கத்து வரிசை, வடசிறகா தென்சிறகா, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். (வர விருப்பமா என்று அவர்களைக் கேட்டார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை, அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வோம்.) நட்டுவனார், பாடுவோர், கொட்டுவோர் மட்டுமில்லை, விளக்கு ஏற்றுகிறவர், குடை பிடிக்கிறவர், துணி தைக்கிறவர் வரைக்கும் பங்கு எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு. எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, இடம் போதவில்லை என்றோம்.

அதே கோயிலில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81தான் செதுக்கியிருக்கிறார்கள், மிச்சக் கல் வெறுமையாக நிற்கிறது. வேலை பாதியில் நின்றிருக்கிறது, ஆனால் பெயர்ப்பட்டியல் நிற்கவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

வீணைக்கும் இதே கதைதான். வாசிப்பவர் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துகிறோம். ஒற்றைப் பலாமரத்தைக் குடைந்து, மெழுகில் கரித்தூள் கலந்து, தந்திக்கு அடியில் வரும் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, சுரம் சரியாக வரும்படி பதித்து மேளம் கட்டியவர் யார் என்று எந்த மேடையிலாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். எனக்கு அடுத்து பொய்க்கால் குதிரை. ஆடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், குதிரைக் கூடு செய்தவர் எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். யாரிடம் இருக்கிறது? கொடுங்கள் தம்பி, நானே படிக்கிறேன். அந்த இரண்டு நிமிஷத்தை என் பேச்சில் கழித்துக்கொள்ளுங்கள்.