250 ரூபாய் டெஸ்டுக்குப் போனால் 3,499 ரூபாய் பேக்கேஜா?

வணக்கம் மக்களே! மாத்திரை போட்டாச்சு, காபி இன்னும் குடிக்கவில்லை. இந்த சேனலை ரொம்ப நாளாகப் பார்ப்பவர்களுக்கு என் காலை தெரியும். வெறும் வயிற்றில் தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஃபில்டர் காபி. சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. அந்த இடைவெளியில்தான் இதை எடுக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும்.

நேற்று லேபுக்குப் போனேன். எனக்கு வேண்டியது தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டிஎஸ்எச் ரத்த டெஸ்ட் மட்டும், 250 ரூபாய். கவுன்டரில் இருந்த பெண் ஒரு நோட்டீஸை நீட்டினார். "மகளிர் ஹார்மோன் பேக்கேஜ்". 6,999 என்று போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 3,499. "டிஎஸ்எச் இதுலயே வந்துடும் மேடம், தனியா எடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். 250 ரூபாய் வேலைக்கு வந்தவள் 3,499 கட்டிவிட்டுப் போவதுதான் நஷ்டம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மேல் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மேல்தான் கோபம்.

அதில் என்னென்ன இருந்தது தெரியுமா? தைராய்டு சுரக்கும் டி3, டி4 (இந்த டி4தான் தைராக்ஸின்), அப்புறம் டிஎஸ்எச், புரொலாக்டின், கார்டிசால், எஃப்எஸ்எச், எல்எச், புரொஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன், இன்சுலின். மணி அப்போது பதினொன்றரை. அத்தனையும் அந்த ஒரே ஊசியில் எடுப்பார்களாம்.

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியிலிருந்து ரத்தத்தில் இறங்கி, வேறொரு உறுப்புக்குச் சேதி சொல்கிற பொருள். மிகச் சிறிய அளவில்தான் சுரக்கும். பலவற்றுக்கு நேரம் உண்டு, சிலவற்றுக்கு நாள் கணக்கும் உண்டு. கார்டிசாலை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருவது. நாம் கண் விழிக்கிற நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும், நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அது அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயோ என்று சந்தேகம் வந்தால், இரவு எச்சில் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது இரவில் ஒரு மாத்திரை கொடுத்து மறுநாள் காலையில் ரத்தம் எடுப்பார்கள். குறைவாகச் சுரக்கும் அடிசன் நோய் என்று சந்தேகப்பட்டால் விடிகாலை ரத்தம் வேண்டும். பதினொன்றரை மணி ரத்தத்தை வைத்து இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்ததுதான் என்னால் தாங்கவே முடியவில்லை. கருமுட்டையை வளர்த்து வெளியே அனுப்பத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச் இரண்டையும் வழக்கமாக மாதவிடாயின் இரண்டாவது மூன்றாவது நாளில் பார்ப்பார்கள். புரொஜெஸ்டிரோன் பார்ப்பது கருமுட்டை வெளியே வந்ததா என்று தெரிந்துகொள்ள, அதற்கு அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இவை எல்லாவற்றையும் எடுத்தால் ஏதாவது ஒன்று வீண்தானே? கடைசி மாதவிடாய் என்றைக்கு என்று கூட யாரும் கேட்கவில்லை! தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரொலாக்டினும் அப்படித்தான். ஊசி பயத்திலேயே கொஞ்சம் ஏறிவிடும், தைராய்டு குறைந்திருந்தாலும் ஏறும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து மூளையில் கட்டியோ என்று தூக்கம் கெட்டவர்கள் நம் கமென்டிலேயே இருக்கிறார்கள்.

சரி, டிஎஸ்எச்சுக்கு வருகிறேன். போன வீடியோவுக்கு அப்புறமும் "டிஎஸ்எச் 9 வந்திருக்கிறது, தைராய்டு அதிகமா அக்கா?" என்று கேட்கிறீர்கள். இல்லை, குறைவு. டிஎஸ்எச் கழுத்தில் இருக்கும் தைராய்டிலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் குரலை உயர்த்துவோமே, அந்தக் குரல்தான் டிஎஸ்எச். தைராய்டு சோர்ந்தால் இது ஏறும், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் இது அடங்கிவிடும். அதனால் என்னை மாதிரி ஒரே அளவு மாத்திரையில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒன்றே போதும். பிட்யூட்டரியிலேயே கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இதை நம்ப முடியாது, ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் தைராக்ஸினை அளக்கும் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். மாத்திரை அளவை மாற்றிய அடுத்த வாரமே ஓடாதீர்கள். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுத்தால்தான் சரியான அளவு தெரியும்.

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். பயோட்டின்! இது ஒரு வைட்டமின், முடி கொட்டுகிறது என்று தைராய்டு பிரச்சினை இருக்கிற நிறைய பேர் வாங்கிப் போடுகிற மாத்திரை. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான், இந்த முடி மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். பல லேப் மிஷின்கள் பயோட்டினை வைத்தே வேலை செய்வதால், ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் தவறாகக் காட்டும். அதை நம்பி டாக்டர் உங்கள் தைராக்ஸினைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு. டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். பேக்கேஜ் விற்கத் தெரிந்த கவுன்டரில் இந்த ஒரு கேள்வி வரவில்லை.

டெஸ்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் தைராய்டு டெஸ்ட் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருக்கும் குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். பிரசவம் நெருங்கியவர்கள், இந்த டெஸ்ட் உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், இல்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் மேனேஜர் வந்து டிஎஸ்எச்சுக்கு மட்டும் பில் போட்டார். இதோ பாருங்கள், ஃபோகஸ் ஆகிறதா? 250. சர்வீஸ் சார்ஜ் என்று 50 ரூபாய் சேர்த்திருந்தார்கள், அது எதற்கு என்று கேட்டதும் அடித்துவிட்டார்கள், அந்தக் கோடு கூடத் தெரியும் பாருங்கள். நேற்றிலிருந்து இந்த பில்லைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம்! சாயங்காலமே ரிப்போர்ட் வந்துவிட்டது, 2.8. மாத்திரை அளவில் மாற்றமில்லை.

இந்துப்பில் அயோடின் இருக்கிறதா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அது அடுத்த வீடியோவில். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, டிகாக்ஷன் இறங்கியிருக்கும். வரேன்!