ஸ்பிரிங்கின் அதிர்வு

நண்பர்களே, வணக்கம். இன்னும் சற்று நேரத்தில் இந்த மேடையில் நான்கு பேர் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய இசை நிறுவனம் எதுவும் கிடையாது. பாட்டுக் கட்டுவது, பதிவு செய்வது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்களேதான். இண்டி ராக் என்று பெயர்; காதில் விழுவதோ அறுபதுகளின் பாப். "பழசைத்தானே திருப்பி வாசிக்கிறார்கள்?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன்.

அந்தப் பழைய ஒலி கையளவு சாமான்களை வைத்துக்கொண்டு உண்டாக்கிய ஒலி. 1949-இல் வந்த ஏழு அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் அடங்கும். அதனால் பாட்டு சுற்றி வளைக்காமல் நேரே பல்லவிக்குப் போயாக வேண்டும். 1967-இல்கூட பீட்டில்ஸ் நான்கு டிராக் இயந்திரங்களை, அதாவது நான்கே ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் இயந்திரங்களை, வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். டிரம்ஸையும் பேஸையும் ஒரே டிராக்கில் சேர்த்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதே துணிந்து முடிவெடுக்க வேண்டும்.

மதியம் சவுண்ட் செக் நடந்தபோது நான் கிட்டார்காரரின் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் அடியில் ஒரு நீளத் தகரத் தட்டு. அதற்குள் மெல்லிய ஸ்பிரிங்குகள். கிட்டார் ஒலி ஒரு முனையில் நுழைந்து ஸ்பிரிங்கை ஆட்டிவிட்டு மறுமுனையில் வெளியே வருகிறது. இந்தச் சின்ன அறையில் வாசித்தாலும் பெரிய மண்டபத்தில் எதிரொலிப்பதுபோல் கேட்பது அதனால்தான். ஆம்பை நகர்த்தும்போது கால் லேசாக இடித்தது. உள்ளே ஸ்பிரிங்குகள் மோதி, இடி இடித்த மாதிரி ஒரு சத்தம்! போனில் கேட்கும் பாட்டில் இது கிடைக்குமா?

சரி, 'திருப்பி வாசிப்பது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். 1963-இல் ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'பீ மை பேபி' பாட்டு டிரம்ஸில்தான் தொடங்கும். வாசித்தவர் ஹால் பிளெய்ன். இரண்டாவது அடியிலும் ஸ்னேர் என்ற 'டாக்' டிரம் விழ வேண்டியது, குச்சி தவறியதால் விட்டுப்போனது, அதையே வைத்துக்கொண்டேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். தும், தும்-தும், டாக். இருபத்திரண்டு வருடம் கழித்து, 1985-இல், ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு அதே தாளத்தை எடுத்து அதன்மேல் கரகரக்கும் கிட்டாரைக் கொட்டியது. தாளம் அதேதான், பாட்டில் இருந்த ஏக்கம் முழுக்க அவர்களுடையது. தாளத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, ஐயா. நம் மேளக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

இண்டி வந்த வழியும் இதேதான்: யாரையும் கேட்காமல் எடுத்துச் செய்வது. 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற ஆங்கிலேய பங்க் ராக் குழு கடன் வாங்கித் தானே இசைத்தட்டு அச்சிட்டு வெளியிட்டது. முதலில் போட்டது ஆயிரம் பிரதிகள். யாருடைய அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்று வரப்போகிறவர்களிடமும் அந்தத் துணிச்சல் இருக்கிறது. கோரஸ் வரும்போது இரண்டு பேர் ஒரே மைக்குக்கு முகத்தைக் கொண்டுவருவார்கள். ஒருவர் மூச்சு இழுப்பது மற்றவர் பாட்டுக்குள் கேட்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள், இடம் நிறைய இருக்கிறது. டிரம்ஸ்காரர் குச்சியை எடுத்துவிட்டார்.