பென்சிலை நீட்டினேன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தாராவியிலிருந்து வந்திருக்கிறேன். செருப்புத் தைக்கிறவன். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு மும்பை வந்த குடும்பம் எங்களுடையது. சமூகம் ஒதுக்கியவர்களிடம் கிறிஸ்தவர்கள் காட்ட வேண்டிய அன்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரசங்கம் எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒரு காலைப் பற்றிச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லியும் வரவில்லை. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எம்.சி.ஆர். செருப்பு வேண்டுமாம். தொழுநோயில் கால் மரத்துப்போனவர்களுக்கென்று தைப்பது அது. உள்ளடி மெத்தென்ற ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது, பசையும் தையலும்தான். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம் வேண்டும். செருப்பு கழன்று போனாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

அளவெடுக்கக் காலைக் காகிதத்தில் ஊன்றச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். கணுக்காலைப் பிடித்துக்கொண்டால்தான் கோடு சரியாக வரும். நான் காகிதத்தை விரித்துவிட்டுப் பென்சிலை அவரிடம் நீட்டினேன். "நீங்களே வரைஞ்சிருங்க."

அவருடைய விரல்கள் மடங்கியவை. பென்சில் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் தடவை பொறுக்கி என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "இதைச் செய்யற வேற ஆள் இருந்தா சொல்லுங்க தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

உட்கார்ந்து காலைப் பிடித்தேன். உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. சயானிலிருந்து அதோடேயே நடந்து வந்திருக்கிறார்.

சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் சூடும் காயமும் தெரியாமல் போகின்றன. விரலைத் தின்பது அந்தத் தெரியாமைதான். இதைக் கூர்ந்து கவனித்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட் என்ற டாக்டர். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தியவர். இன்று கூட்டு மருந்தை நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். உணர்ச்சியில்லாத தேமல் ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். விரல் மடங்கும் முன்னே போய்விட வேண்டும்.

உடம்புக்கு மருந்து வந்துவிட்டது. சட்டம் நத்தை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்த 1898-ஆம் வருடச் சட்டம் 2016-இல்தான் ரத்தானது. கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியை 2019-இல்தான் எடுத்தார்கள். எங்கள் தெருவில் "மகாரோகி" என்ற மராத்திச் சொல் இன்னும் வசவாகவே புழங்குகிறது.

பைபிளின் லேவியராகமத்தில் குஷ்டரோகி "தீட்டு, தீட்டு" என்று தானே கூவிக்கொண்டு பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் அப்படி ஒருவன் இயேசுவிடம் வருகிறான். அவர் கையை நீட்டி அவனைத் தொடுகிறார். சுகம் அதற்குப் பிறகுதான். நான் நீட்டியது பென்சில். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை நாங்கள் வேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுவோம். சுகமானவன் ஊரெல்லாம் போய்ச் சொல்கிறான். இயேசுவால் பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியவில்லை, வனாந்தரத்தில் தங்குகிறார். அவன் உள்ளே, இவர் வெளியே. கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுக்கிற எங்களுக்கு அந்த இடமாற்றம்தான் தொண்டையில் சிக்குகிறது. போர்வையை வாங்கிக்கொண்டு அவர்கள் வெளியேதானே நிற்கிறார்கள்!

பெரியவர் இப்போது எங்கள் சபைக்குத்தான் வருகிறார். கடைசி பெஞ்சு. திருவிருந்தில் திராட்சை ரசத்தை ஒரே பாத்திரத்திலிருந்துதான் குடிப்போம். எல்லாரும் முடித்தபிறகே அவர் எழுந்து போய்க் குடிப்பார். யாரும் சொல்லி அல்ல. அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் இல்லை.

போன மாதம் என்னிடம் ஒன்று கேட்டார். ஆராதனையில் காணிக்கைப் பையை ஒருநாள் அவர் ஏந்தி வரலாமா என்று. வாரைக் கொஞ்சம் அகலமாகத் தைத்தால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாராம், அதையும் யோசித்து வைத்திருக்கிறார். கமிட்டியில் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்கள். ஒருவர், "ஜனங்க காணிக்கை போடத் தயங்குவாங்களே" என்றார். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வாரைத் தைத்து முடித்துவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி மறுபடி கூடுகிறது. நானும் அதில் ஒரு மெம்பர்.

வணக்கம்.