கியரை மேட்டிலேயே மாற்றிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறை நாட்களில் ஊட்டி, குன்னூர் போய்வரும் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலை ஏறும்போது எல்லோரும் கவனமாக ஓட்டுகிறார்கள். எனக்குக் கவலை இறங்கும்போதுதான்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர். ஆள், மூட்டை முடிச்சோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து கீழே வந்துசேரும்போது வெளிப்படுகிற சக்தி, 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி சூடாக மாறி பிரேக்கில்தான் இறங்கும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் காய்ந்து பிடிப்பை இழக்கும், கருகிய வாடை வரும். பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலும் கொதிக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். ஆவி அமுங்கும், அதனால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதற்கு வழி இன்ஜினிலேயே இருக்கிறது. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றவைக்க வேண்டியிருக்கும். அந்த இழுவையே வண்டி வேகமெடுக்காமல் பிடித்துவைக்கும். கியர் குறையக் குறைய பிடிப்பு கூடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இப்போதைய கார்கள் மூன்றாவது கியரிலேயே சுலபமாக ஏறிவிடுவதால், இறங்க இன்னும் ஒரு கியர் குறைவாக வையுங்கள் என்பேன். செங்குத்தான இடத்தில் இரண்டு, தேவைப்பட்டால் ஒன்று.

இதை இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வேகம் பிடித்தபின் கியரைக் குறைக்கப் போய், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்ட லாரிகள் எத்தனையோ.

நியூட்ரல் என்றதும் தொப்பூர் கணவாய் நினைவுக்கு வருகிறது. தருமபுரி - சேலம் சாலையில் அந்த நீண்ட இறக்கத்தில், டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கணக்கே தலைகீழ். கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும், சக்கரங்களே இன்ஜினைச் சுற்றவைக்கும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை. பிரேக் பெடலும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

பிரேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெடல்மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வேகம் 40-ஐத் தொட்டால் நன்றாக அழுத்தி 25-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு காலை முழுசாக எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக் காரில் வழக்கமாக ஓட்டும் டி-யிலேயே இறங்காமல், குறைந்த கியரில் நிறுத்தும் எல் அல்லது நாமே கியரைத் தேர்ந்தெடுக்கும் மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். கியரில்லா ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, மெதுவாக வாருங்கள். மின்சாரக் கார்காரர்கள் மலையுச்சியில் முழு சார்ஜ் ஏற்ற வேண்டாம். இறங்கும்போது மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பித்தான் வண்டியைப் பிடிக்கும், பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் ஆழமாகப் போனாலோ, பிடிப்பு மிச்சமிருக்கும்போதே அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிப்போகலாம், விரிசல்கூட விடலாம். அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். பெடல் பழையபடி கெட்டியாக நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.