பழைய 200 எம்எம் லென்ஸ் மங்கலா எடுக்குதா? ஒரு சந்தேகம், ஒரு விளக்கம்

அடுத்த கேள்வி. "பழைய 200 எம்எம் எஃப் 4 மேனுவல் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவுல மாட்டினேன். புது 70-200 ஜூம்ல எடுத்ததோட வெச்சுப் பார்த்தா பழையது மங்கலா இருக்கு. கண்ணாடியே அவ்வளவுதானா?"ன்னு கேட்டிருக்காங்க.

கண்ணாடி மேல பழி போடறதுக்கு முன்னாடி கை ஆட்டத்தையும் ஃபோகஸையும் பாருங்க. பெரும்பாலும் கோளாறு அங்கதான்.

புது ஜூம் தன்னோட ஃபோகல் லெங்த்தை (200 எம்எம்ங்கற மாதிரி அளவு) கேமராவுக்குத் தானே சொல்லிடும். பழைய லென்ஸ்ல அந்தத் தொடர்பே கிடையாது. கேமரா பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தை ஈடுகட்டற வசதி) இருந்தா, மெனுவுல போய் 200ன்னு நீங்கதான் கொடுக்கணும். முன்னாடி போட்ட 50 அப்படியே இருந்தா, ஆட்டத்துல பாதிகூட சரியாகாது. சோதனைக்குன்னா டிரைபாட் வெச்சு, ஸ்டெபிலைசேஷனை அணைச்சிட்டு, 2 செகண்ட் டைமர்ல எடுங்க.

ஃபோகஸ்ல பலரும் ஏமாறற இடம், ரிங்கைக் கடைசி வரைக்கும் திருகிட்டு அதுதான் இன்ஃபினிட்டி, அதாவது ரொம்ப தூரத்துக்கான ஃபோகஸ்னு நம்பறது. நிறைய அடாப்டரைக் கொஞ்சம் மெலிசாவே செய்வாங்க, அதனால ரிங் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் சுத்தும். பீக்கிங் கலரையும் (ஃபோகஸ் ஆன ஓரங்களைத் திரையில கலர்ல காட்டற வசதி) நம்பாதீங்க, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அது மின்னும். எஃப் 4லயே திறந்து வெச்சு, திரையைப் பெரிசாக்கி, ரிங்கை முன்னும் பின்னும் ஆட்டி கூர்மையான இடத்தைப் பிடிங்க. அப்புறம் அபர்ச்சரை, அதாவது ஒளி வர்ற துளையை, எஃப் 8 மாதிரி சின்னதாக்குங்க.

எதை எடுக்கறதுங்கறதும் முக்கியம். இருபது, முப்பது மீட்டர்ல அசையாத ஒண்ணு போதும். ரொம்ப தூரம்னா நடுவுல வெப்பக் காற்று கலக்கும். ரொம்பப் பக்கத்துலன்னா வேற சிக்கல்: இன்டர்னல் ஃபோகஸ் (லென்ஸ் நீளாம உள்ளயே ஃபோகஸ் பண்ற) ஜூம் பலதுல கிட்டப் போகப்போக ஃபோகல் லெங்த் குறையும், 200ல வெச்சாலும் பொருள் சின்னதா விழும். ரெண்டு லென்ஸ்லயும் ரா ஃபைல்லயே (ஜேபெக் ஆக்கறதுக்கு முந்தின மூல ஃபைல்) எடுங்க. கேமரா ஜேபெக்ல புது லென்ஸோட குறைகளைத் திருத்திக் கொடுத்துடும், பழையதுக்கு அந்தச் சலுகை இல்ல.

இவ்வளவும் சரி பண்ணின பிறகும் மிஞ்சறது எதுவோ, அதுதான் நிஜமான வித்தியாசம். வெள்ளை வானத்துக்கு எதிரா ஒரு காய்ஞ்ச கிளையை எஃப் 4ல எடுத்துப் பாருங்க. ஓரத்துல ஊதா தெரியும், ஃபோகஸுக்குப் பின்னாடி இருக்கற கிளைகள்ல பச்சை தெரியும். லோ டிஸ்பெர்ஷன் (நிறங்களைக் குறைவாப் பிரிக்கற) கண்ணாடி இல்லாத லென்ஸ்ல நிறங்கள் ஒரே இடத்துல குவியாது, அதான் காரணம். எஃப் 8க்குப் போனா நல்லாவே அடங்கும். எஃப் 8ல நடுப்பகுதி விவரம் புது ஜூமுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடும்னுதான் நான் சொல்வேன்.

கான்ட்ராஸ்ட்தான் பழையதோட பலவீனம். கண்ணாடி மேல பூசின அந்தக் காலத்துக் கோட்டிங் எதிர்வெயிலைத் தாங்காது, சென்சார்ல பட்டுத் திரும்பற வெளிச்சமும் பின்பக்கக் கண்ணாடியில மோதி படத்துல வெளிறலா பரவும். நீளமான ஹூட் போடுங்க. அடாப்டர் உள்பக்கம் பளபளன்னு இருந்தா கருப்பு வெல்வெட் மாதிரி ஒளி உறிஞ்சற தாள் ஒட்டுங்க. செலவு ரொம்பக் கம்மி, பலன் கண்ணுக்கே தெரியும். மிச்ச வெளிறலை எடிட்டிங்ல பிளாக் லெவலை இறக்கி சரிபண்ணிக்கலாம், விவரம் உள்ளதான் இருக்கு.

எஃப் 8லயும் நடுப்பகுதி தெளியலேன்னா, அபர்ச்சரை முழுசா திறந்து பின்பக்கத்திலிருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள பனி மூடின மாதிரியோ, சிலந்தி நூல் மாதிரி பூஞ்சையோ தெரிஞ்சா சர்வீஸுக்குக் கொடுத்துட்டு, அப்புறம் ஒப்பிடுங்க.